மொட்டைக்கழுத்துக் கோழி முட்டையிட்ட இடம்

எருக்கலம்விளையில் கோழி ஒரு வீட்டில் கொக்கரிக்க, முட்டை இன்னொரு வீட்டில் கிடந்த அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால், ஊர்க்காரர்கள் எடுத்த எடுப்பில் கோழிக்கு வரமாட்டார்கள். அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே மழை விழுந்தது என்பார்கள், கோயில் தெருவில் ரோஜாச் செடிகள் கண்பட்டுவிடும்போலப் பூத்தன என்பார்கள், காய்த்த காய்ப்பில் முருங்கைக் கிளை முறிந்தது என்பார்கள், அதற்குப் பிறகுதான், கடைக்குப் போய் வந்தவள் மறந்த சாமானை நினைத்துக்கொள்வதுபோல, "ஆமா, அந்த வருஷந்தான சத்துணவு டீச்சர் கோழி வளத்தாவ" என்பார்கள்.

சத்துணவு டீச்சர் என்பது ஜெபக்கனி. பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவள், கரண்டி பிடித்த கையை ஊர் மரியாதைக்கு டீச்சர் ஆக்கியிருந்தது. அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தட்டில் விழுந்த முட்டையை அங்கேயே உட்கார்ந்து அவள் கண் முன்னால் தின்ன வேண்டும், பாக்கெட்டில் போடக்கூடாது. பாக்கெட்டில் போட்ட பிள்ளையின் முகம் அவளுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை திருட்டுப் பிள்ளை இல்லை என்பதும் தெரியும், தனக்கு வேண்டுமென்றால் வாயில் போட்டுக்கொள்வான், பாக்கெட்டில் போடுகிறவன் வேறு யாருக்காகவோ போடுகிறான், வீட்டில் ஒரு தம்பியோ காய்ச்சலில் கிடக்கிற அம்மையோ இருப்பாள் என்பதும் தெரியும். தெரிந்தும் விடமாட்டாள். "இங்கயே தின்னுட்டுப் போ" என்று தலைமாட்டில் நின்றுவிடுவாள்.

அவளுடைய புருஷன் யேசுவடியான் மினி பஸ்ஸில் கண்டக்டர். அவள் வேலையை விட்டு இறங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு பகல் நேரத்தில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சீட்டில் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். ஜெபக்கனி நாலாம் நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பருப்பைக் கடைந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "எனக்கு ஒரு கொறையும் இல்ல, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்று அனுப்பிவைத்தாள். அவருடைய காக்கிச் சட்டைகளைப் பையன்கள் விடுதிக்குக் கொடுத்துவிட்டதாகத் தெருவில் சொன்னாள். அது பொய். மர பீரோவின் வலது கதவுக்குப் பின்னால் அத்தனை சட்டையும் தொங்கின, கதவைப் பூட்டிச் சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டியவள் அதற்குப் பிறகு அந்த ஆணியைக் காலண்டர் மாற்றும்போதுகூடப் பார்ப்பதில்லை.

வேலையை விட்டு இறங்கிய மே மாதம் அவள் கோழி வளர்ப்பதென்று முடிவு செய்தாள். கையில் கரண்டி இல்லாமல் பகல் நகரவில்லை என்பதுதான் காரணம், ஆனால் அவள் சொன்னது அதுவல்ல, நல்ல முட்டை தின்று எத்தனை நாளாச்சு என்று சொன்னாள். எந்தக் கோழி வாங்குவது என்பதை மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரே இனமாக வாங்கினால் எல்லாம் ஒன்றுபோலச் சிறகு உதிர்த்து ஒன்றுபோல முட்டையை நிறுத்திவிடும், ஆகவே கலந்துதான் வாங்க வேண்டும் என்று கால்நடை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஓயாமல் முட்டையிடுவதற்கு ஒரு வெள்ளை லெகார்ன், அது அடைக்கு உட்காராது, ஆனால் இலை விழுந்தாலும் பறக்கும். அதன் படபடப்பைச் சமாதானப்படுத்தத் தடித்த உடம்பும் நிதானமும் உள்ள ஒரு சிவப்பு ரோட் ஐலண்ட். கீரி வந்தால் ஊரைக் கூட்டுவதற்கு நாட்டுச் சிறுவிடை ஒன்று, முட்டை குறைவுதான், ஆனால் புத்தி அதிகம். இறைச்சிகூடக் கறுப்பாக இருக்கிற கருங்கோழி ஒன்று, அதை வாங்கியதற்கு அவளிடம் காரணம் இல்லை, கண்ணுக்குப் பிடித்திருந்தது. ஐந்தாவதாகத் தேரிக்காட்டுச் செம்மணல் வெயிலைத் தாங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று சந்தையில் கேட்டபோது, கழுத்தில் ஒரு சிறகும் இல்லாமல் செக்கச்செவேலென்று தோல் தெரிய நின்ற மொட்டைக்கழுத்துக் கோழியைக் கூடைக்காரர் தூக்கிக் கொடுத்தார். ஜெபக்கனி முகத்தைச் சுளித்தாள்.

"அழகுக்கு வாங்குதியளா, முட்டைக்கு வாங்குதியளா?" என்றார் கூடைக்காரர்.

"முட்டைக்குத்தான்."

"அப்ப மூஞ்சியப் பாக்காதிய. வெயிலு எம்புட்டு அடிச்சாலும் இது ஒரு நா தவறாது."

ஆடி மாதம் கோழிகள் கொக்கரிக்கத் தொடங்கின. வெள்ளைக்கோழி கூட்டுக்குள் போய் உட்காரும், கண்ணை இடுக்கும், எழும்பும், ஊரே கேட்கக் கொக்கரிக்கும், ஜெபக்கனி ஓடிப்போய்க் கையை விட்டால் வைக்கோல் சூடாக இருக்கும், முட்டை இருக்காது. பாம்பு என்று நினைத்தாள், கீரி என்று நினைத்தாள், பக்கத்துக் காம்பவுண்டுப் பிள்ளைகள் என்றும் நினைத்தாள். நாலாம் நாள், தறிக்கூடத்தில் வேலை நின்றுபோயிருந்த பால்துரையின் பெண்சாதி சேலைத் தலைப்பில் எதையோ மூடிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், ஒங்க வெள்ளக்கோழி முட்ட எங்க அரிசிப் பானைக்குள்ள கெடக்கு."

"பானைய மூடல்லியா?"

"மூடி மேல அம்மிக்குழவி வச்சிருந்தேன்."

"கோழிக்கு அங்க என்ன சோலி?" என்று ஜெபக்கனி முட்டையை வாங்கிக்கொண்டு, மறக்காமல் நன்றி சொன்னாள். அடுப்பில் சட்டியை வைத்து உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஊதி வைத்ததுபோல வெறும் ஓடு. மறுநாள் அதே பானையில் கிடந்த முட்டையைப் பால்துரையின் பெண்சாதி பயந்துகொண்டே தன் வீட்டில் உடைத்தாள், மஞ்சள்கரு உருண்டு விழுந்தது, பிள்ளைகள் மூன்று பேரும் தின்றார்கள். முட்டை யார் வீட்டுக்கு வந்ததோ அவர்களுக்குத்தான் அது முட்டை, மற்றவர்களுக்கு ஓடு என்பது அப்படித்தான் தெரிந்தது.

தெருவில் இரண்டு வாரம் இதே பேச்சாக இருந்தது, மூன்றாவது வாரம் வேறு பேச்சு வந்துவிட்டது. சிறுவிடையின் முட்டை மூன்றாம் மாசக்காரி ஒருத்தியின் தலையணை உறைக்குள் கிடந்தது, அவள் முழுகாமல் இருப்பதே அன்றுவரை மாமியாருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. மளிகைக் கடை தங்கப்பழம் தன் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கடையில் உட்கார்ந்து புலம்பினார், ஒரு விடியற்காலை கருங்கோழியின் முட்டை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கிடந்தது, அவர் தூங்கி எட்டு மாசமாகிறது என்பதை அன்றைக்குத்தான் தன் பெண்சாதியிடம் சொல்லி அழுதார். கால்நடை டாக்டர் வந்து ஒவ்வொரு கோழியையும் திருப்பிப் பார்த்து, சிறகை விரித்துப் பார்த்து, கோழிகள் நல்ல சுகத்தோடு இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்துக் காப்பி குடித்தார், வண்டியை எடுக்கப் போனவர் தன் ஹெல்மெட்டுக்குள் சிவப்புக்கோழியின் முட்டையைப் பார்த்தார், அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு போனார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தது ஊருக்குப் பிறகுதான் தெரியும்.

முட்டை வருவது சந்தோஷந்தான், ஆனால் முட்டை வந்தால் அந்த வீட்டில் ஏதோ இல்லை என்று அர்த்தம், அதை யார் வெளியே சொல்வார்கள். ஆகவே தெரு தனக்கென்று ஒரு நடப்பை உண்டாக்கிக்கொண்டது. காலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று மூன்று தரம் இருமிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வீட்டுக்காரர்கள் எதையாவது எடுத்து மறைப்பதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். முட்டை ஓட்டைக் குப்பையில் போட்டால் கண்ணில் படும் என்று ஆளாளுக்கு நொறுக்கிச் செடித் தூரில் புதைத்தார்கள், அதில்தான் ரோஜா அப்படிப் பூத்தது, யார் வீட்டு ரோஜா எவ்வளவு பூத்திருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கோயிலில் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "ஆண்டவர் கதவைப் பூட்டிக்கொண்டு கொடுப்பதை நாம் கதவைத் திறந்து கேட்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஞானப்பாட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டு ரோஜாவும் அந்த வருஷம் நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கூத்தில் ஐந்து கோழிக்குத் தீனி போடுகிற ஜெபக்கனி மட்டும் தங்கப்பழம் கடையில் முட்டை வாங்கித் தின்றாள். பையை வீசிக்கொண்டு, எல்லோரும் பார்க்கவே வாங்கி வருவாள். "என் வீட்டுக்கு ஏன் வரணும்? எனக்கு என்ன கொறை? எங்க வீட்டுல என்னைக்காச்சும் ஒரு முட்ட கெடந்துச்சுன்னா அந்தக் கோழிய அன்னைக்கே அறுத்துக் கொழம்பு வச்சிருவேன்" என்று கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. தன் கோழிகள் தன்னைத் தவிர எல்லோரையும் விசாரிக்கின்றன என்பது அவளுக்கு உள்ளூர வலித்தது, அதை அவள் பெருமை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. நாலு கோழியின் முட்டையும் இன்ன வீட்டில் கிடக்கிறது என்று எப்படியோ காதுக்கு வந்துவிடும். மொட்டைக்கழுத்தின் முட்டையைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. அது வெயிலோ மழையோ ஒரு நாள் தவறாமல் கூட்டில் உட்கார்ந்து எழும்பிக் கொக்கரித்தது, வைக்கோல் சூடாக இருந்தது, முட்டை எங்கே போகிறது, அது என்ன நிறம் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர் வாய் திறக்காமல் நாள்தோறும் வாங்கித் தின்கிறார் என்று ஜெபக்கனிக்குத் தோன்றியது. தோன்றியதும் பள்ளிக்கூடத்துக் கண் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது, தெருவில் போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பாக்கெட்டையும் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் கண் போய் எப்சிபாய் மேல் நின்றது. எப்சிபாய் பக்கத்து வீட்டுக்காரி, ஜெபக்கனியிடம் மதியச் சோறு தின்று வளர்ந்தவள். அவளுடைய புருஷன் துபாய்க்குப் போய் ஏழு மாசமாக ஒரு போன்கூட இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பின்பக்கமாக ஒரு சின்னப் படல் உண்டு, குழம்புக்கிண்ணம் அதன் வழியாகத்தான் போய் வரும், சாவு வீட்டின்போது மூன்று நாள் சோறும் அந்த வழியாகத்தான் வந்தது. கார்த்திகை மாதம் ஒரு காலையில் ஜெபக்கனி அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு, ஒரு தரம்கூட இருமாமல், நேரே அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு பானையாக மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் தேடுதிய?"

"மொட்டக்கழுத்து முட்ட இங்கதான வருது? வந்தா வந்துட்டுப் போவுது, சொல்லிட்டுத் தின்னா என்னட்டி? முட்டைய ஒளிச்சு வச்சவ மூஞ்சி எனக்குத் தெரியாதா, எத்தன பேரப் பாத்தவ நான்!"

சத்தம் கேட்டுத் தெருவில் நாலு பேர் வந்து நின்றார்கள். எப்சிபாய் அவர்களைப் பார்த்தாள், திறந்து கிடந்த பானைகளைப் பார்த்தாள், முக்கால்வாசிப் பானை காலி என்பதை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"மூணாங்கிளாஸ்ல எங்கம்மைக்குன்னு பாக்கெட்டுல வச்சிருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. "பிள்ள பெத்துக் கெடந்தா. நீங்க எடுத்து, உரிச்சு, என் வாயில திணிச்சிய. அன்னைக்கும் நான் களவாங்கல டீச்சர். இன்னைக்கும் களவாங்கல. எனக்கு எந்தக் கோழியும் இன்னும் வரல."

அன்று மத்தியானமே எப்சிபாய் படலை முள்ளடைத்துக் கட்டினாள். மறுநாளிலிருந்து வெள்ளைக்கோழியும் சிவப்புக்கோழியும் மாறிமாறி எப்சிபாய் வீட்டில் முட்டையிட்டன என்று ஊர் சொல்லும். ஆனால் மொட்டைக்கழுத்தின் முட்டை அங்கே இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஜெபக்கனிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோழி மேல் வைத்தாள். சும்மா கொக்கரித்துத் தீனி தின்கிற கள்ளக்கோழி, அதனால்தான் எல்லாக் கேடும் என்றாள். கிறிஸ்மஸுக்கு அதை அறுத்துவிடுவதென்று தீர்மானித்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் தெரு முழுவதும் எண்ணெய் வாசம். எல்லா வீட்டிலும் முந்திரிக்கொத்து வேகிறது, முறுக்கு வேகிறது. ஜெபக்கனி மத்தியானம் கோழியைப் பிடித்துக் காலில் கயிறு போட்டு, நாய் தொடக்கூடாதென்று வீட்டுக்குள் கொண்டுவந்து, மர பீரோவின் காலில் கட்டினாள். கோழி அறுக்க வருகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டு அரிவாள்மனையைத் துடைத்தாள். கோழி தன் சிவந்த கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. பிறகு அங்கேயே, சிமெண்டுத் தரையில், கண்ணை இடுக்கி உட்கார்ந்தது, எழும்பியது, கொக்கரித்தது. அந்தக் கொக்கரிப்பு ஓய்ந்த இடைவெளியில் பீரோவுக்குள் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது, முட்டை மேல் முட்டை மெல்ல விழுகிற சத்தம்.

முப்பத்திரண்டு வருஷம் முட்டை எடுத்து வைத்தவளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெபக்கனி அரிவாள்மனையைக் கீழே வைத்தாள். காலண்டர் ஆணியைப் பார்த்தாள். சாவி துருப்பிடித்து விரலில் ஒட்டியது, வலது கதவு மூன்றரை வருஷம் கழித்து முனகிக்கொண்டு திறந்தது.

சட்டைகள் தொங்கின. ஒவ்வொரு காக்கிச் சட்டையிலும் இரண்டு பாக்கெட், ஒன்றில் டிக்கெட் வைப்பார், ஒன்றில் சில்லறை வைப்பார். இப்போது அத்தனை பாக்கெட்டிலும் முட்டை இருந்தது. பாக்கெட் நிரம்பிய பிறகு வந்தவை கீழே மடித்து வைத்திருந்த வேட்டியின் மேல் குவிந்து கிடந்தன. சந்தன நிறத்து முட்டைகள். ஆடியிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்த முட்டைகள். கையை வைத்துப் பார்த்தாள், எல்லாம் இப்போதுதான் இட்டதுபோலச் சூடாக இருந்தன, ஒன்றுகூட அழுகவில்லை.

பாக்கெட்டில் முட்டை வைக்கிறவன் யாருக்காகவோ வைக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் முப்பத்திரண்டு வருஷம் எல்லாப் பாக்கெட்டையும் காலி செய்தாள். ஜெபக்கனி பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, யேசுவடியான் செத்த அன்று அழ வேண்டிய அழுகையை அன்றைக்கு அழுதாள். கோழி அவள் மடிப்பக்கத்தில் வந்து நின்றது, கயிறு அதுவரைக்கும்தான் எட்டியது.

அழுது முடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஒரு சட்டையை எடுத்து விரித்து, முட்டைகளைக் கொள்ளுமட்டும் அதில் அள்ளி, நாலு மூலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். படல் வழி அடைத்திருந்தது, ஆகவே வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, எண்ணெய்ச் சட்டியை விட்டு எழுந்து எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள், விடுதிக்குக் கொடுத்த காக்கிச் சட்டையையும் பார்த்தார்கள், அதற்குள் இருந்ததையும் பார்த்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. எப்சிபாய் வீட்டு வாசலில் நின்று மூன்று தரம் இருமினாள்.

கதவு திறந்தது.

"ஒளிச்சு வச்சவ நாந்தான் எப்சி" என்றாள். "எனக்கே தெரியாம வச்சிருந்தேன். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொன்னது பொய்யி. அவுக இல்லாம வீட்டுல இருக்க முடியல. இது எல்லாத்தையும் நீயே வச்சுக்கட்டி. அன்னைக்கு ஒங்கம்மைக்கு நான் குடுக்காமப் போனதுக்கு."

எப்சிபாய் சட்டையை வாங்கி உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் வைத்து நாலு முட்டையைப் போட்டாள், வெந்ததும் ஒன்றை எடுத்து வாசலுக்கு வந்து எல்லோரும் பார்க்க உரித்தாள். ஓடு வந்தது, ஓட்டுக்குள் ஒன்றும் இல்லை. கையை விரித்துக் காட்டினாள்.

"இது எனக்கு வந்ததில்ல டீச்சர். எனக்குத் தந்தா வெறும் ஓடு."

"அப்ப என்ன செய்ய?"

எப்சிபாய் இன்னொரு முட்டையை ஜெபக்கனியின் உள்ளங்கையில் வைத்தாள். ஜெபக்கனி அதை வைத்துக்கொண்டு நின்றாள், தெருவைப் பார்த்தாள், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்கிறேன் என்பதுபோலச் சேலை மடிப்புக்குள் செருகப் போனாள். எப்சிபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மடியில வைக்கப்புடாது" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் சத்துணவுக் கூடத்துக் குரல். "இங்கயே உக்காந்து, என் கண்ணு முன்னால தின்னுட்டுப் போங்க."

ஜெபக்கனி எப்சிபாய் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். வெள்ளை வந்தது, பிய்த்தால் உள்ளே மஞ்சள் நிறைந்து இருந்தது. தெருவே நின்று பார்க்க, தலைமாட்டில் எப்சிபாய் நிற்க, அவள் அதைக் கடைசித் துணுக்குவரை தின்றாள்.